கருவாடு மடித்த கடைசிப் பக்கம்

காலைப் பாலைக் குடித்துவிட்டு, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தபோது, அஞ்சலாட்சி டீச்சர் மேசைமேல் ஒரு தடித்த புத்தகத்தைக் குப்புறப் போட்டு அதன் முதுகைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சுக் கொளஞ்சி அலறியே விட்டான்.

"ஐயோ டீச்சர், சரஸ்வதி!"

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள். டீச்சரே பிளேடு போடுகிறாள் என்றால் அவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

"சரஸ்வதிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ உக்காரு" என்றாள்.

அவளுக்கு ஒரு வாரமாக ஆற்றாமை. முந்தின வாரம் துர்காவைத் தமிழ்ப் பாடம் படிக்கச் சொல்லியிருந்தாள். மீன் விற்கும் சொர்ணத்தின் மகள் துர்கா எழுந்து, தண்ணீர் ஊற்றுவதுபோல் கடகடவென்று படித்தாள். ஒரு பிழை இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் திறந்திருந்தது வேறு பாடம். அடுத்தவனை எழுப்பினாள், அதற்கடுத்தவளை எழுப்பினாள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் பாட்டுபோல ஒப்பித்தது. நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால், பிள்ளைகள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். சுனாமிக்குப் பிறகு யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த நீலப் பைகள் எல்லார் முதுகிலும் இருந்தன. பைக்குள் இருந்ததை வாசிக்கத்தான் ஆளில்லை. இத்தனை வருஷம் நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கிக்கொண்டு தான் என்ன கிழித்தோம் என்று அன்று மாலை டெம்போவில் அரியாங்குப்பம் போகும் வழியெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

மனப்பாடம் செய்ய முடியாத ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் விரிக்கிற கடைகளில், பழைய சட்டைகளுக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் நடுவே ஒரு நாவல் கிடைத்தது. அட்டை கிடையாது. முதல் தாள்களும் கிடையாது. அதனால் பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. அன்றிரவே படித்து முடித்தாள். வெள்ளச்சி என்று ஒரு சிறுமி. அவளுடைய அப்பா அவளைத் தூரத்து ஊரில் ஒரு பங்களாவில் வேலைக்கு விட்டுவிட்டுப் போகிறார். அவள் அங்கிருந்து கிளம்பி, ரயில் பாதையோரமாகவே நடந்து ஊர் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அஞ்சலாட்சி படிக்கும்போது இரண்டு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

ஒரே புத்தகம், எட்டு பெஞ்சு. அதற்காகத்தான் பிளேடு. அறுத்த அத்தியாயங்களை நூல் கோத்துத் தைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் பள்ளியின் பெயரையும் 'ஐந்தாம் வகுப்பு' என்றும் எழுதி, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கடற்கரைத் தெருப் பிள்ளைகள் அதற்குத் தாங்களாகவே 'பங்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரைக்கு வந்த மீனைப் பங்கு பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். "எங்க பங்குல வெள்ளச்சி இன்னும் பங்களாவிலதான்டா இருக்கா" என்று ஒரு பெஞ்சு சொன்னால், "எங்க பங்குல தண்டவாளத்துக்கு வந்துட்டா" என்று அடுத்தது அலட்டிக்கொண்டது. ஒரு பக்கத்தைக் கடக்க அவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்து, சண்டை போட்டுப் படித்தார்கள். முடித்த பெஞ்சு முன்னால் வந்து தன் பங்கின் கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் பங்கு முதலில், அப்புறம் இரண்டாவது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். "வெள்ளச்சி பயந்தாங்கொள்ளி" என்றான் ஒருவன். "விரல வை" என்றாள் டீச்சர். அவன் தேடினான், கிடைக்கவில்லை, உட்கார்ந்துகொண்டான். பங்களாவிலிருந்து வெள்ளச்சி கையோடு கொண்டுபோன குடையைப் பற்றி மூன்று நாள் ரகளை நடந்தது. திருட்டா, இல்லையா? கடைசியில் கொளஞ்சி தன் மூன்றாம் பங்கில் திருட்டில்லை என்று காட்டும் ஒரு வரியைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை அழுத்தியபோது, வகுப்பே எழுந்து கத்தியது. வெளியே போன சத்துணவு அம்மா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

எட்டாம் பங்கு துர்காவின் பெஞ்சு. கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. அதை வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று துர்கா கொண்டுபோனாள். படிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அவள் அம்மா சொர்ணம் விடியும் முன் கருவாட்டுக் கூடையோடு கிளம்புகிறவள். மடிக்கத் தாள் தேடியவள் கைக்கு, நூலிலிருந்து நழுவிக் கிடந்த அந்தத் தாள் அகப்பட்டது. தாள் தாள்தானே. சாரம் பகுதியில் யாரோ ஒருவர் வீட்டுக்கு அது சென்னாக்குன்னிக் கருவாட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

துர்கா காலையில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அஞ்சலாட்சிக்குத் திட்ட வாய் வரவில்லை. பங்கு நின்ற இடத்தில் வெள்ளச்சி தன் வீட்டு வாசலில், மழையில், குடையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அப்பா கூப்பிடுகிறார். அவள் போவாளா, மாட்டாளா? அதற்கு மேல் தாள் இல்லை.

"டீச்சர், நீங்க படிச்சிருக்கீங்க இல்ல? சொல்லிடுங்க" என்று கெஞ்சினார்கள்.

"நான் சொன்னா அது என் பங்கு. உங்க கையில ஏழேமுக்காப் பங்கு இருக்கு. அதை வச்சு நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் வேலையில் இவ்வளவு சுகம் உண்டா என்று அப்போது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும் தாங்கியது. தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். நல்லவர், ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற நல்லவர். அவர் மேசைமேல் எண்ணெய்க் கறையோடு அந்தத் தாள் விரிந்திருந்தது. அடியில் அவளுடைய சிவப்பு மை.

"எங்க வீட்டுக் கருவாட்டுக்குள்ள இருந்து வந்துச்சும்மா இது. என் சம்சாரம் கேக்கிறா, உங்க ஸ்கூல்ல இதான் பாடமான்னு."

"நாவல் சார். பசங்க படிக்கிறாங்க."

"எழுதினவன் யாருன்னு தெரியுமா? அட்டை எங்க? யார் அனுமதி குடுத்தா? அடுத்த வாரம் ஆய்வாளர் வர்றாரு. போர்ஷன் பாதியில நிக்குது. அப்பன் கூப்பிடக் கூப்பிட ஒரு பொண்ணு…"

"சார், சொல்லாதீங்க!" என்று அவள் குரலை உயர்த்திவிட்டாள். கதவோரம் நான்கைந்து தலைகள் தெரிந்தன. "பசங்க இன்னும் அங்க வரல சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எல்லாத்தையும் கட்டி என்கிட்ட ஒப்படைச்சிடுங்க. இது மேல போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காரைக்காலுக்கு மாத்தல் போட்டுத் தூக்கி அடிப்பாங்க. அப்புறம் சார் காப்பாத்தலன்னு என்னைச் சொல்லக் கூடாது."

சொர்ணத்தையும் அவர் விடவில்லை. அன்று மதியமே வரவழைத்து, மகள் என்ன கண்றாவியைப் படிக்கிறாள் தெரியுமா என்று கேட்டார். கூடையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வந்திருந்த சொர்ணம், சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கென்னா தெரியும் சார். அந்தத் தாளு போனதுலேர்ந்து ரெண்டு வேளையா சோறு துன்னல அவ. என்னைக் கொலகாரி மாரி பாக்கறா. போன வருஷம் கணக்கு புஸ்தகமே தொலைஞ்சிச்சு, அப்பக்கூட சிரிச்சிக்கினுதான் வந்தா. நீங்க அந்தத் தாள குடுத்துடுங்க சார். வேணும்னா இன்னும் ரெண்டு படி கருவாடு தரேன்."

பக்கத்தில் நின்ற அஞ்சலாட்சி சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தாள். தலைமையாசிரியருக்கு முகம் சிவந்தது. தாள் மட்டும் பையிலிருந்து வெளியே வரவில்லை.

வீட்டில் கணவர் செல்வகுமார் தட்டில் கை வைத்தபடியே கேட்டார்: "காரைக்காலுக்குப் போனா பையனை யார் பாத்துக்கறது? ஒரு பழைய புஸ்தகத்துக்காக இவ்ளோ தூரமா? மன்னிச்சிடுங்க சார்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பாகூர்ப் பக்கம் வயல்காட்டிலிருந்து படித்து, வேலைக்கு வந்து, வீடு கட்டி, இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். காலையில் டெம்போவில் ஏறும்போது, பங்குகளைக் கட்டிக் கொடுத்துவிடுவது என்றுதான் கிளம்பினாள். ஆற்றுப்பாலம் தாண்டும் வரை அந்த முடிவு இருந்தது.

வகுப்பில் அவள் வாயைத் திறக்கும் முன்பே சண்டை ஆரம்பித்திருந்தது. கொளஞ்சி மூன்றாம் பங்கை உயர்த்திப் பிடித்து, வெள்ளச்சி உள்ளே போயிருப்பாள் என்றான். "அப்பா குரல் எப்புடி இருக்கும்னு மறந்துக்கிட்டே வருதுன்னு அழுதா பாரு, இந்தா வரி." துர்கா விடவில்லை. ஆறாம் பங்கை அடுத்த பெஞ்சிலிருந்து பிடுங்கினாள். "தண்டவாளத்துல ஒக்காந்து என்னா சொல்றா? 'இனிமே என்னை யாரும் எங்கேயும் கொண்டுபோய் விட முடியாது.' இந்தா வரி. இப்புடிச் சொன்னவ கூப்ட உடனே போயிடுவாளா?" ஒப்பித்துக்கொண்டிருந்த அந்தத் துர்காதான். தாளைத் திருப்பி, வரியைத் தேடி, விரலை ஓட்டி, நிறுத்தி, அழுத்திப் படிக்கிறாள். அஞ்சலாட்சி, கட்டுவதற்குக் கொண்டுவந்திருந்த சணல் கயிற்றை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

அப்போதுதான் தட்சிணாமூர்த்தி வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் பாடினார்கள்.

"கட்டியாச்சா?"

"இல்ல சார்."

அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பசங்களா, இந்தக் கதை நமக்கு வேணாம். அப்பா பேச்சக் கேக்காத பொண்ணு. தங்கின வீட்டுலயே குடையத் திருடிக்கிட்டு ஓடினவளாம், சத்துணவு அம்மா சொன்னாங்க. அவ கதை நமக்கு எதுக்கு?"

கடைசி பெஞ்சிலிருந்து துர்கா எழுந்தாள்.

"எந்த வரி சார்?"

"என்னது?"

"திருடினான்னு எந்த வரியில இருக்குது சார்? விரல வைங்க."

உட்காரு துர்கா என்று சொல்ல வேண்டும். எந்த டீச்சரும் அதைத்தான் சொல்வாள். இரண்டே சொல்லில் காரைக்கால் காணாமல் போய்விடும். அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். அந்த இரண்டு சொல்லைச் சொன்னால், இனி இந்தப் பிள்ளைகள் எதன்மேலும் விரல் வைக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோபம்தான் மிச்சம் இருந்தது, நல்ல தெளிவான கோபம்.

"கொளஞ்சி, உன் பங்கை சாருக்குக் குடு."

கொளஞ்சி ஓடிவந்து நீட்டினான்.

"குடை சங்கதி இதுலதான் இருக்கு சார்" என்றாள் அஞ்சலாட்சி. "திருடினான்னு நீங்க காட்டிட்டா, எட்டுப் பங்கையும் நானே கட்டித் தூக்கிட்டு வரேன். ஆய்வாளர் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். அவரும் விரல வைக்கட்டும்."

தலைமையாசிரியர் அவளைப் பார்த்தார். துர்காவைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். நின்றபடியே ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். எழுத்து பொடியாக இருந்தது. வெளிச்சத்துக்காகக் கடைசி பெஞ்சு வரை நடந்து, துர்கா நகர்ந்து இடம்விட, அந்தக் குட்டி பெஞ்சின் நுனியில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன் பெஞ்சுக்காரர்கள் பின்னால் வந்து கழுத்தை நீட்டிச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரிந்த கொளஞ்சி, வாயைத் திறந்துவிடாமலிருக்க உதட்டை இறுகக் கடித்திருந்தான். அவருடைய சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளின் முனை எட்டிப் பார்த்தது, வகுப்பில் லேசாகக் கருவாட்டு வாசனை. யாரும் அதை எட்டிப் பறிக்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் விரல்மேல் இருந்தது. அது முதல் வரியில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.