இடது பக்கத்துக் கன்வெர்ட்டர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது இந்த வட்டாரத்தில் கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சைலன்சர் வேலை பார்க்கிறவன் நாள் முழுக்க மல்லாந்து படுத்துத் துருவைத் தின்கிறான். அவன் வாயில் தேனா ஒழுகும்? அக்கா வந்து நின்றால் மட்டும் பெட்டிப்பாம்பு ஆகிவிடுவேன்.

அன்று அவள் தன் புருஷனோடு, அதாவது எங்கள் மாமாவோடு, அவருடைய காரிலேயே வந்திருந்தாள். ஒரு ஆபீஸ் ஆட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சாயங்காலம் வீட்டில் விடுகிற கார். மேடு ஏறத் திணறுகிறது, வெள்ளிக்கிழமை புகை டெஸ்ட் வேறு இருக்கிறது என்றாள். அதில் தேறாவிட்டால் கார் ரோட்டில் இறங்க முடியாது.

"அவருக்கு இத விட்டா வேற எதுவும் தெரியாது தம்பி. எப்படியாவது பாஸ் பண்ண வச்சிரு."

காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கத்துக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே தேன்கூடு மாதிரி இருக்க வேண்டியது உருகிக் கட்டியாகக் கிடந்தது. அக்கா குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல வேற ஒண்ணு. ஒரு காருக்கு எதுக்குடா மூணு?"

"இது ஆறு சிலிண்டர்க்கா. பக்கத்துக்கு மூணா பிரிஞ்சு நிக்குது. இந்தப் பக்கப் புகைக்குத் தனி வழி, அந்தப் பக்கப் புகைக்குத் தனி வழி. கன்வெர்ட்டர் நல்லா சூடானாத்தான் புகையில இருக்கிற விஷத்த முறிக்கும். தள்ளி வச்சா சூடாக நேரமாகும். அதான் எஞ்சின் வாய்கிட்டயே ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. ரெண்டு குழாயும் சேர்ந்ததுக்கு அப்புறம் மூணாவது, மிச்சம் மீதியப் பிடிக்க."

"அப்ப ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்காதா?"

"அதெப்படி பாக்கும்? இந்தப் பக்கப் புகை அதுக்குள்ள போகவே போகாது."

மாமா சிரித்தார். "எங்க வீட்ல பரவால்ல மாப்ள. அவ பக்கத்துப் புகையும் என் மேலதான் வரும்."

"ஆமா, இவருகிட்டேர்ந்து வாசனையா வருது" என்றாள் அக்கா.

கன்வெர்ட்டர் சும்மா உருகாது. எரியாத பெட்ரோல் எஞ்சினைத் தாண்டி அதற்குள் வந்து எரிந்தால்தான் உருகும். "ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா மாமா? எஞ்சின் சூடேறுதா?" என்று கேட்டேன்.

"இல்லையே மாப்ள. ஒரு குறையும் இல்ல."

மாமாவுக்குப் பொய் வராது. சீட்டாட உட்கார்ந்தால், அவர் முகத்தைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடலாம். அதனால் நம்பினேன்.

புதுக் கன்வெர்ட்டர் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது. கடைக்குப் பின்னால் அதே மாடலில் என் கார் நின்றது. ஓடாத காராக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாட்டிவந்தேன். அதன் இடது கன்வெர்ட்டரை அறுத்து மாமா காரில் பற்றவைத்தேன். என் பெண்டாட்டி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. வேலை முடிந்ததும் மாமா காரின் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன். அது எங்கள் கடைப் பழக்கம். மறுநாளே போய்விட்டது என்று யாராவது கத்திக்கொண்டு வந்தால், எவ்வளவு ஓட்டியிருக்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை டெஸ்டில் கார் தேறவில்லை. இரண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அதைக் குளிரவைக்கிற காற்றாடியும் சுற்றவில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றினேன். என் கன்வெர்ட்டர், நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, முந்தையதைப் போலவே உருகிப்போயிருந்தது. வலது பக்கம் எந்தக் கேடும் இல்லை.

அக்காவை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்க ஒரு வார்த்தைய நம்பி என் கார நாசம் பண்ணியிருக்கேன். எப்படி மாமா ஓட்டுனீங்க?" கேட்டுக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். இத்தனை நாள் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கினால் வருகிற தூரத்தில் கால்வாசிகூட அதில் இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.

மாமா தரையைப் பார்த்தார். "மீட்டர் சரியாத்தான் இருக்கு மாப்ள. ஆபீஸ்ல வேற ஆளப் போட்டுட்டாங்க. மழைக்கு முன்னாடியே."

"அப்ப தினம் எங்கதான் போறீங்க?"

"குடோன்களுக்குப் பின்னாடி ஒரு காலி இடம் இருக்கு. அங்க நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். வெயில் தாங்காது, ஏசி போட்டுக்குவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்."

எனக்கு எல்லாம் புரிந்தது. காற்றாடி பழுதான காரை நாள் பூராவும் நின்ற இடத்திலேயே ஓடவிட்டிருக்கிறார். கொதித்துக் கொதித்து, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற இடது பக்கத்துக் கேஸ்கெட் போய், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, அந்தப் பக்கம் சரியாக எரிவதே நின்றுபோயிருக்கிறது. இவர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி ஊற்றிச் சமாளித்திருக்கிறார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்டாதீங்கன்னு சொல்லுவ. எனக்குக் காலைல கிளம்பணும் மாப்ள." குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிராத" என்றார்.

எஞ்சினைத் திறந்து பார்த்தேன். விரிசல் விட்டிருந்தது. பூசி மெழுக ஒன்றுமே இல்லை, அந்தக் கார் இனி ஓடாது. இதைச் சொல்லத்தான் முன்னறைக்குப் போனேன்.

"எஞ்சின் போயிருச்சுக்கா. ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரு பக்கம் நல்லாத்தானே இருக்கு? அத வச்சு ஓட்ட முடியாதா?"

"முடியாதுக்கா. ஆபீஸ்ல வேணா நான் போய்ப் பேசிப் பாக்கட்டுமா? அவங்க வண்டி ஏதாவது குடுப்பாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஆபீஸ்டா?"

நான் குனிந்து கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தேன்.

"அவர நிறுத்தின அன்னிக்கே, கூட வேலை பாக்கறவரு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. இவரு வந்து சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. சேத்து வச்சத எடுத்து சம்பளம்னு குடுக்கறாரு, நானும் வாங்கிக்கறேன். சாயங்காலம் வந்தா, ரோட்டுல கூட்டமான்னு கேக்கறேன். ஆமாங்கறாரு." அவள் முந்தானை நுனியைக் கையில் சுருட்டினாள். "அவரு காசுக்காகவாடா உன்கிட்ட வந்து கெஞ்சினேன்? கார் இருந்தா அந்த மனுஷன் காலைல எந்திரிச்சுக் குளிச்சுக் கிளம்புவாரு. நாளைக்கும் கிளம்பி நிப்பாரு பாரு. எங்கடா போகச் சொல்லுவேன்?"

வாசலில் நிழல் தெரிந்ததும் சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எழுந்து, தினமும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"இன்னிக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றார் மாமா.