எந்த ஃபின்லே

அம்மாவின் கறுப்புக் கோட்டு மேல்பொத்தானை எஃபி போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மறுபடியும் கேட்டாள்.

"ஃபின்லே எங்கடீ? ஊரே வந்து நிக்குது, அவனை மட்டும் காணோம்."

தம்பி ஃபின்லேயின் சவப்பெட்டி அடுத்த அறையில் இருந்தது. கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி அங்கேயே சரிந்துவிட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். மறதி நோய் கண்ட அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து வந்தவன் அவன்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் போய்விட்டது. தாய்மொழியான, மலைநாட்டுக் கேலிக் மட்டும் மிச்சம். பதினேழு வயதில் வேலைக்கென்று கிளாஸ்கோ நகருக்குப் போன எஃபிக்கோ அந்த மொழியில் பால், படுக்கை, செருப்பு, ஆடு என்று குழந்தைப் பேச்சுதான் நின்றிருந்தது.

"ஃபின்லே செத்துப்போச்சும்மா."

"செத்துப்போச்சா? அவன் என்ன ஆடாடீ? மனுசன்னா தவறிட்டான்னு சொல்லணும். இத்தனை வயசாச்சு, பேசத் தெரியல."

திருத்திய பிறகுதான் அந்தச் சொல் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது. வாய் திறந்தபடி நின்றது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள், காலையில் அழுததையெல்லாம் அறியாதவளாக. எஃபி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பொத்தான் இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.

பக்கத்துப் பண்ணை லாக்லன் கதவருகே வந்து தொப்பியைக் கழற்றினான். "கிளம்பலாமா பெரியம்மா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரோட சாவுப்பா?"

"நம்ம ஃபின்லேதான்."

"எந்த ஃபின்லே?"

அம்மா பிறந்தது வடக்கே கான்னிக் பள்ளத்தாக்கில், ஃபின்லே மலை என்று ஒரு மலையின் அடியில். அணை கட்டியபோது அந்த வீடு ஏரிக்குள் போயிற்று. கல்யாணமாகி இங்கே வந்து சன்னலைத் திறந்தால், எதிரே நின்ற மலைக்கும் அதே பெயர். எந்தக் காலத்து ஃபின்லேயோ, ஒருவருக்கும் தெரியாது. "என்னைத் தொரத்திக்கிட்டே வந்துட்டான் பாரு" என்று அப்பாவிடம் சிரித்தாளாம். மகன் பிறந்தபோது வேறு பெயரை அவள் யோசிக்கவே இல்லை.

"மலை ரெண்டும் அப்படியேதான் நிக்குது பெரியம்மா," என்றான் லாக்லன். "இது மூணாவது..." தொப்பியைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இடுகாட்டில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள்; மிக நெருங்கிய உறவுக்கான தலைமாட்டுக் கயிறு அம்மாவுக்கு. அவளால் பிடிக்க முடியாது என்று எஃபி கைநீட்டினாள். அம்மா அவளை முழங்கையால் தள்ளிவிட்டாள். எல்லோரும் ஒன்றுபோலக் கயிற்றை மெல்ல நழுவவிட, பெட்டி சேற்றைத் தொட்டது. மற்றவர்கள் கயிறுகளை உள்ளே போட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை.

"விடுங்க பெரியம்மா. இறங்கிட்டான்."

"கீழ தண்ணிடா," என்றாள் அம்மா. "உங்களுக்குக் கண்ணு தெரியலையா? தண்ணி ஏறுதுடா."

பாதிரியார் தலைகுனிந்து நின்றார். லாக்லன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

பிற்பகலுக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் ஓபன் என்ற ஊரிலிருந்து அம்மாவை அழைத்துப்போக முதியோர் இல்லத்து வண்டி வரும். அங்கே கேலிக் பேசுகிறவர்கள் யாராவது உண்டா என்று எஃபி தொலைபேசியில் கேட்டிருந்தாள். இல்லை என்றார்கள். கிளாஸ்கோவில் அவளுக்கிருப்பது ஒற்றை அறை. மாடிப்படியேற அம்மாவால் முடியாது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல அவளிடம் வார்த்தையும் இல்லை.

அம்மா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபின்லே எங்கடீ?"

சரியான சொல் எஃபிக்கு இப்போது தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

"மலைக்குப் போயிருக்கான்," என்றாள்.

"இந்த மழையிலயா? கோட்டு எடுத்துட்டுப் போனானா?"

"எடுத்துட்டுத்தான் போனான்."

"சரி. வந்துருவான். கதவைத் தாழ் போட்டுடாதே."

எஃபி எழுந்து போய்த் தாழை நீக்கினாள். கொஞ்ச நேரத்தில் காற்று கதவை ஒரு சாண் தள்ளியது. சாரல் உள்ளே விழுந்து கால்மிதியை நனைக்கத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.