சிவப்புக் குழாயும் பாசி மாத்திரையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு விக்கல். எங்கள் சாந்த்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இத்ரீஸ் பாசி மாத்திரையை விழுங்கத் தெரியாமல் விக்கினான். அவன் உள்ளங்கை நிறைய, நிலத்தடித் தண்ணீரில் கலந்த ஆர்சனிக் விஷம் போட்ட புள்ளிகள். அப்படிப் புள்ளி புண்ணாகி விரலை இழந்தவர்கள் ஊரில் உண்டு. இவனுக்கோ வலை பின்னிப் பிழைக்கிற கை. உடம்பில் சேர்ந்த விஷம் குறைய உதவலாம் என்று டாக்டரம்மா கொடுத்த சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை அது.* விக்கலுக்கு அவன் ஓடிப்போய்க் குடித்தது எந்தத் தண்ணீர்? சோதித்தவர்கள் விஷம் என்று சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போன அவன் வீட்டு அடிகுழாய்த் தண்ணீர்! அடப்பாவி.

(* 'நல்ல தண்ணீரோடு' என்றும் சொல்லியிருந்தார். அது அவன் காதில் ஏறவில்லை.)

2

'பாசியின் மகிமையால் புள்ளிகள் மறைந்து, இத்ரீஸ்...' வேண்டாம். பச்சைப் பொய்.

பச்சை பூசிய நல்ல குழாய் பக்கத்தில் ஒன்றுதான், அண்ணி சஹேராவின் வாசலில். பலாமரத் தகராறில் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

"அதான் மாத்திர இருக்கே," என்றான் இத்ரீஸ்.

"ஆமா, ஓட்டப் படகுல உக்காந்து தண்ணி எறைங்க," என்றாள் மனைவி ஜொரினா. "அண்ணிகிட்ட வாய விட்டது நீங்க. குடத்தையும் நீங்களே தூக்குங்க."

"ஆம்பள இடுப்புல குடமா? ஊரே சிரிக்கும்டி!"

"வெரலு போனா ஊரா வந்து வல பின்னும்?"

3

இருட்டில் அனுப்பலாமா என்று யோசித்தேன். (அவன் கெஞ்சினான்.) பட்டப்பகலில்தான் அனுப்பினேன்.

"ஏய், புது மருமக வர்றா டோய்!" என்று டீக்கடை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டான். அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள் சஹேரா.

"பலாப்பழ வாசனையப் புடிச்சிக்கிட்டு வந்துட்டேன் அண்ணி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

4

புள்ளிகள் மறையுமா? தெரியாது, எழுதமாட்டேன். அண்ணி விரட்டியதாக ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். பலாச்சுளை கொடுத்ததாக இன்னொன்று, அதற்கு இன்னும் நாளாகும்.

இப்போது இத்ரீஸ் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு பச்சைக் குழாயடியில் இரண்டு கையையும் ஏந்தி நிற்கிறான். வேறு யாராவது அடித்தால்தான் தண்ணீர். சஹேரா கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். அதை அழுத்த வேண்டியது நீங்கள்.

சீக்கிரம், அவனுக்கு விக்கப் போகிறது.