இருவாச்சியும் மைனஸ் ஒன்றரையும்

இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். நான் கண்ணைச் சோதிப்பேன், மனைவி ஆர்டர் எழுதுவாள். எழுத்து தெரியாமலே "தெரியுது" என்று புளுகும் ஆட்களைக் குரலை வைத்தே பிடித்துவிடுவோம். அந்தத் "தெரியுது" கொஞ்சம் சீக்கிரமாகவும் கொஞ்சம் உரக்கவும் வரும். கடையில் நானும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் விளம்பரத்துக்குத்தான், பவர் கிடையாது என்று வருகிறவர்களிடம் சொல்லியும் வைப்பேன். கண் சோதிக்கிறவனுக்கே கண் தெரியவில்லை என்றால் எவன் படியேறுவான்?

மனைவியின் தம்பி போன மாதம் தனிக் கார், தனி வழிகாட்டி என்று தடபுடலாக மழைக்காட்டுக்குப் போய் இருவாச்சிப் பறவையைப் பார்த்துவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து ஆள் தரையில் நிற்கவில்லை. வழிகாட்டி இல்லாமல் என் கண்ணுக்கெல்லாம் அது சிக்காது என்றும் சொல்லிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஷேர் வேனில் போயே பார்த்துக் காட்டுகிறேன் என்று வாயை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் கிளம்பினோம். காட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும் வேன் அது. ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். கடைசியாக ஒரு பிளம்பர், மடியில் புத்தம்புது வாஷ்பேசினோடு வந்து ஏறினார். என் முழங்கால் அந்தப் பேசினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

காட்டுக்குள் நுழைந்ததும் பிளம்பர் ஆரம்பித்தார். மலை அணிலைக் காட்டினார், "தெரியுது" என்றேன். கருங்குரங்கைக் காட்டினார், "தெரியுது" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை. அந்தப் பச்சைக்குள் இன்னும் கொஞ்சம் பச்சை. மூன்றாவது வளைவில் வேனே ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். அத்தி மரத்தில் இருவாச்சி.

"தெரியுது, தெரியுது" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, கடையில் லென்ஸ் மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தக் கனத்த வட்ட ஃப்ரேமையும் ஒரு டப்பா லென்ஸையும் எடுத்து நீட்டினாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாளோ. எனக்கு மானமே போன மாதிரி ஆனது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அதை உள்ளே வை என்று சிடுசிடுத்தேன்.

ஓட்டுநர் பின்னால் திரும்பினார். "உங்களுக்கு வேண்டாம்னா இங்க குடுங்கண்ணே. பறவைய விடுங்க, எனக்கு அந்த மரமே தெரியல."

 இதுவரை தாண்டி வந்த வளைவுகளை எல்லோரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பிளம்பர் வாஷ்பேசினை இறுகக் கட்டிக்கொண்டார்.

தொழில் என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள். ஓட்டுநரை ரோட்டோரம் நிற்க வைத்து, இருவாச்சியையே எழுத்துப் பலகையாக வைத்துக்கொண்டு லென்ஸ்களை மாற்றினேன். இது தெளிவா, அது தெளிவா என்று நான் கேட்கக் கேட்க வேனே பதில் சொன்னது. மைனஸ் இரண்டில் அவர் வாய் பிளந்தது.

"அண்ணே, மூக்கு மேல இன்னொரு மூக்கு வச்சிருக்குண்ணே."

பதினொரு வருடமாக இதே வழியில் வண்டி ஓட்டுகிறாராம். அவர் பார்த்து முடிக்கும்போது பறவை பறந்துவிட்டது. ஃப்ரேமைக் கழற்ற ஒருவரும் விடவில்லை. அதோடுதான் ஓட்ட வேண்டும் என்று வேனே தீர்மானம் போட்டுவிட்டது.

சிக்னல் வந்ததும் மைத்துனனின் போன். பார்த்தாச்சா என்று கேட்டான். பொய் நுனி நாக்கில் தயாராக இருந்தது. வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம், அந்தக் கோமாளி ஃப்ரேமோடு, வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் பத்துப் பேர் முன்னால் சொன்னதை என்னால் சொல்ல முடியாதா?

"பாக்கலடா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவன் சிரித்துத் தீர்க்கட்டும் என்று போனை மனைவியிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் அதே வேனில் திரும்பினோம். அதே வளைவில் ஓட்டுநர் நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஃப்ரேமைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மனைவி லென்ஸை மாற்றினாள். மைனஸ் ஒன்றில் பச்சை, இலையானது. ஒன்றரையில் அத்தி மரத்தின் உச்சிக் கிளை தெரிந்தது. அதில் மஞ்சள் அலகோடு, அவ்வளவு பெரிதாக, இருவாச்சி ஒரு பழத்தை மேலே தூக்கிப்போட்டு விழுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?" என்று மொத்த வேனும் கேட்டது.

அது அடுத்த பழத்தையும் விழுங்கி முடிக்கும்வரை பார்த்தேன். பிறகு, "தெரியுது" என்றேன், மெதுவாக.

மனைவி பறவையைப் பார்க்கவில்லை. என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டிவிட்டு, கைப்பையிலிருந்து கடையின் ஆர்டர் புத்தகத்தை எடுத்து என் பெயரை எழுதினாள்.