தபசன்று வைத்த கூட்டம்

பத்திரிகையில் பங்கு மார்க்கெட் செய்தி எழுதுகிறவர் ஒரு தடவையாவது சங்கரன்கோவிலுக்கு வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். வந்திருந்தால் எங்கள் கம்பெனியின் ஜின்னிங் பாக்டரி 'பருத்தி வரத்துக் குறைவினால் மந்தமாக நடைபெறுகிறது' என்று எழுதியிருக்க மாட்டார். என் வீட்டு மாடியில் நின்றால் அந்தப் பாக்டரியின் வாசல் தெரியும். குருவிகுளத்திலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் பருத்தி ஏற்றிவந்த வண்டிகள் மாசி தொடங்கி ஆனி வரை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற மிஷின் சத்தத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மந்தமாம், மந்தம்!

அந்தச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டியது என் வீட்டுக்காரர் சங்கரநயினார். தேவஸ்தான ஆபீசில் கிளார்க். அச்சில் வந்தது எதுவானாலும் அவருக்கு வேதம்.

"ஏட்டி நெல்லை, பங்கு விலை பாதியா எறங்கிட்டு பாரு. இருக்கதை வித்துத் தொலை."

"வயல் வச்சிருக்கவன் தெனம் காலையில எந்திச்சு, என் வயலு இன்னைக்கு என்ன விலைக்குப் போகும்னு கேட்டுக்கிட்டா இருக்கான்? வெளைஞ்சுதான்னுதான பாப்பான்" என்றேன்.

வயல் என்று நான் சொன்னது சும்மா இல்லை. என் அப்பா எனக்கு எழுதிவைத்த நஞ்சையை விற்றுத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பங்குகளை வாங்கினேன். வயலை விற்றுக் காகிதம் வாங்கியவள் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசட்டும். என் நாத்தனார் புருஷன் தன் பணத்தை நிதிக் கம்பெனியில் போட்டுவிட்டு, அதை யார் எடுத்து யாருக்குக் கொடுக்கிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குப் பேர் விவரமானவர். நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். எனக்குப் பேர் வாயாடி.

கம்பெனிக்கு விருதுநகரில் ஒரு நூல் மில்லும் எங்கள் ஊரில் இந்த ஜின்னிங் பாக்டரியும் இருந்தன. நூல் மில் பணத்தைத் தின்றது. பாக்டரி சம்பாதித்துக் கொடுத்தது. பாக்டரி போனால் என் கையில் இருப்பது வெறும் காகிதம்தான். சொந்தக்காரர்கள் சொன்னது பலித்துவிடும். அந்த ஆடியில் கம்பெனியின் வருஷக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தது. நஷ்டத்தில் ஓடும் ஜின்னிங் பாக்டரியை விற்றுவிட அனுமதி கேட்டிருந்தார்கள். வாங்குகிறவர், கம்பெனியின் டைரக்டரும் அதை நடத்தும் மானேஜிங் ஏஜெண்டுமான குற்றாலநாத பிள்ளையின் மருமகன். கூட்டம் விருதுநகரில். தேதியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆடித்தபசு!

கோமதி அம்மன் தபசு அன்றைக்கு எங்கள் ஊர்க்காரன் வெளியூரில் இருந்தால்கூட வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவருவான். ஊரைவிட்டுப் போகிறவன் எவனும் இல்லை. பங்குதாரர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர். அது தெரிந்துதான் வைத்திருக்கிறார் அந்த மனுஷன். அது போதாதென்று, கூட்டத்துக்கு வர முடியாதவர்களிடம் 'எனக்குப் பதிலாக மானேஜிங் ஏஜெண்டே ஓட்டுப் போடலாம்' என்று கையெழுத்து வாங்க ஆள் அனுப்பினார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கும்பா. ஊரே போட்டது. என்னிடம் வந்தவனிடம் கும்பாவைத் திருப்பிக் கொடுத்து, "உங்க முதலாளியையே இதுல கஞ்சி குடிக்கச் சொல்லு" என்றேன்.

இன்னொரு கும்பாவும் திரும்பிப் போனது. அடுத்த தெரு கதீஜம்மாளுடையது. மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்த அவள் புருஷன் மம்மது மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போன பங்குகளின் டிவிடெண்டில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தம்பி பாதுஷாவைத் துணைக்குக் கூப்பிட்டாள். தபசு வியாபாரத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று அவன் கையை விரித்தான்.

"அவன் கெடக்கான். நீ வாரியாட்டி?" என்றாள் கதீஜம்மாள்.

"வாரேன்க்கா" என்றேன்.

வீட்டில் பூகம்பம். "தேவஸ்தான கிளார்க் பொண்டாட்டி தபசன்னைக்கு ஊர்ல இல்லன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போவேன்?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"அம்மன் எதுக்குத் தபசு இருந்தா? கேட்டது கெடைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நானும் கேக்கத்தான் போறேன். அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

தபசன்று காலை ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் ஜனம் பிதுங்கிக்கொண்டு இறங்கியது. மடியில் மிளகாயும் பருத்தியும் கட்டிக்கொண்டு, மொட்டை போடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அவற்றை அம்மன் சப்பரத்தின்மேல் வீசிச் சூறைவிட வந்த கூட்டம். அவ்வளவு பேரும் இறங்கிய பெட்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம். கதீஜம்மாள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து தபசுக்கு நான் ஊரில் இல்லாமல் இருந்ததே இல்லை. தீர்மானத்தைத் தோற்கடிப்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாவது வரவேண்டும் என்றுதான் போனேன். வழி முழுவதும் அந்த நாலு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விருதுநகர் ஆபீசில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. குற்றாலநாத பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. ஏலே, அம்மாமாருக்கு ரெண்டு நாற்காலி போடு. காப்பி கொண்டா."

எதிர்க்க வந்தவளுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? ஹாலைப் பார்த்தேன். நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. பிள்ளை, அவர் மருமகன், ஆபீஸ் ஆட்கள் கொஞ்சப் பேர். கம்பெனி செக்ரெட்டரி சங்கரராமன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலைகளை எண்ணினார்.

"எங்க தலையை எதுக்கு எண்ணுதீங்க?" என்று கேட்டாள் கதீஜம்மாள்.

"பத்துப் பேராவது நேர்ல இருந்தாத்தாம்மா கூட்டத்தைத் தொடங்க முடியும். கையெழுத்துக் குடுத்தவங்க அந்தக் கணக்குல சேர மாட்டாங்க. இங்கன எட்டுப் பேர்தான் இருந்தோம். ஆள் விட்டுத் தேடியாச்சு, ஒருத்தரும் ஆம்புடலை. முதலாளியோட தம்பி வீடுகூடப் பூட்டிக் கெடக்கு. எல்லாரும் தபசு பாக்க உங்க ஊருக்குல்லா போயிட்டாங்க! நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க" என்றார் அந்த அப்பாவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களை வரவிடாமல் செய்வதற்குத் தபசைத் தேர்ந்தெடுத்த மனுஷனுக்குத் தன் ஊர்க்காரர்களும் தபசுக்குப் போவார்கள் என்று தோன்றவில்லை.

"பத்து சேரலைன்னா?" என்றேன்.

"அரை மணி பாத்துட்டு, அடுத்த வாரம் இதே கெழமைக்குத் தள்ளி வைக்கணும். அன்னைக்கு எத்தனை பேர் வந்தாலும் கூட்டம் செல்லும்."

பிள்ளை மேஜைக்குப் பின்னால் போய் நின்று, "உக்காருங்க தங்கச்சி, ஆரம்பிச்சிருவோம். நீங்க என்ன கேக்கணுமோ தாராளமாக் கேளுங்க" என்றார்.

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் தொண்டைவரை வந்து நின்றன. நான் உட்கார்ந்து அவற்றைக் கேட்டால் கூட்டம் தொடங்கிவிடும். கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். எட்டுக் கை தூக்குவார்கள், நாங்கள் இரண்டு கை தூக்குவோம். பாக்டரி மருமகனுக்குப் போய்விடும். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனால் தபசும் முடிந்திருக்கும், எங்கள் ஊர்க்காரர்களும் வரலாம். இவ்வளவு தூரம் வந்து வாயை மூடிக்கொண்டு திரும்புவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் காப்பியைத் தொடாமல் கதீஜம்மாள் கையைப் பிடித்தேன்.

"எந்திங்கக்கா. வெளிய போவோம்."

"இப்பத்தானட்டி வந்தோம்!"

"நாம இருந்தாத்தான் இவங்களுக்குக் கூட்டம். வாங்க."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. துப்பட்டியை உதறிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டோம். அரை மணி போகிறவரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசைவதாக இல்லை.

பிள்ளை முதலில் சங்கரராமனை அனுப்பினார். அப்புறம் மருமகனை. கடைசியில் தானே வெயிலில் இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, பெரிய மனுஷங்க வீட்டுப் பொம்பளைங்க ரோட்டுல நிக்கலாமா? உள்ள வாங்க."

"இங்கன நல்லாக் காத்து வருது அண்ணாச்சி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. உங்க ரெண்டு பேர் பங்கையும் நானே வாங்கிக்கிடுதேன். போட்ட பணத்துக்கு ரெண்டு மடங்கு. சம்மதம்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காருங்க, சாயங்காலமே கையில ரொக்கம்."

கதீஜம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அவள் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்க மாட்டேன். அவளோ துப்பட்டிக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்டாள்.

"பாதி விலைன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நீங்க ரெண்டு மடங்கு தாரேங்கீங்க. பேப்பர் பொய்யா, நீங்க பொய்யா?"

பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. நானும் விடவில்லை. "நஷ்டத்துல ஓடுத பாக்டரிக்கு உங்க மருமகன் எதுக்கு இப்படி அலையுதாரு? பெத்த மகளைக் குடுத்த எடத்துல நஷ்டத்தையும் சேத்துக் குடுக்கீங்களா அண்ணாச்சி?"

உள்ளே கடிகாரம் அடித்தது. சங்கரராமன் வாசலில் வந்து நின்று, "நேரம் ஆயிட்டு, தள்ளிவச்சாச்சு" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது தபசுக் காட்சி முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. நான் நியாயம் சொல்லியிருந்தால் ஊரில் ஒருவரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு மடங்கு என்ற பேச்சு பஸ் நிலையத்திலும் காய்கறிக் கடையிலும் தானாக ஓடியது. அதைக் கிளப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர்தான். என்னோடு பேச மாட்டார்; நான் வந்து சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஆபீசுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "ஒங்க பங்குக்கு என்னவே குடுத்தான்? ஒரு கும்பாவா? எம்பொண்டாட்டிகிட்ட ரெட்டை விலை பேசியிருக்கான்!" என்று கேட்டுவிடுவார். கும்பா வாங்கியவர்களுக்கு அன்றிரவு சோறு இறங்கியிருக்காது.

அடுத்த வாரம் ரயிலில் எங்கள் ஊர் ஆட்களுக்கு உட்கார இடம் போதவில்லை. விருதுநகர் ஹாலில் போட்ட நாற்காலிகளும் போதவில்லை. பிள்ளை கையெழுத்துக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, இவர்கள் எல்லாரும் எனக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள் என்றார். "குடுத்தவன் நேர்லயே வந்திருக்கேன் வே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்புறம் பல குரல்கள். நேரில் வந்துவிட்டால் கொடுத்த கையெழுத்துச் செல்லாது என்று சங்கரராமன் சொல்லிவிட்டார். பாக்டரியை விற்கும் தீர்மானத்துக்கு அந்த எட்டுப் பேர் கைகள்தான் உயர்ந்தன.

குற்றாலநாத பிள்ளை தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். "சரி, உங்க இஷ்டம். கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

"இருங்க அண்ணாச்சி" என்றேன். "நோட்டீஸ்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த வருஷம் முறைப்படி விலகுத டைரக்டரைத் திரும்பவும் தேர்ந்தெடுக்கணும்னு போட்டிருக்கு. விலகுத டைரக்டர் நீங்கதான?"

அவர் சங்கரராமனைப் பார்த்தார். சங்கரராமன் நோட்டீசைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார். பிள்ளை உட்கார்ந்தார்.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கி இறக்கிய பிறகு, எதிர்க்கிறவர்கள் தூக்கலாம் என்று சங்கரராமன் வாசித்தார். நான் முதல் வரிசையில் நின்றபடியே கையைத் தூக்கினேன். பின்னால் எத்தனை கை உயர்ந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகமே சொல்லிவிட்டது.