மகள் காலும் மருமகள் காலும்

"கால் வீக்கம் எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று டாக்டரம்மா கேட்டது கட்டிலில் கிடந்த மருமகளை. பதில் வந்தது மாமியாரிடமிருந்து.

"நேத்து முந்தாநேத்துதான் டாக்டர்."

துணிக்கடை முதலாளியம்மா அவள். சாயம் போகிற துணியைக்கூட முகம் மாறாமல் விற்றுவிடுவாள்.

"தலைவலி? கண்ணு மங்கல்?"

"அதெல்லாம் கிடையாது. கல்லு மாதிரி இருந்தா."

அடுத்த அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கிலோகூடத் தேறாத பேத்தி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பிழைப்பாளா என்று டாக்டரம்மா இன்னும் வாய் திறக்கவில்லை.

போன மாதமே மருமகள் சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் துணிக்குக் கடையில் கூட்டம் நெரிந்தது.

"அத்தை, செருப்புக்குள்ள கால் நுழையல. தலை வேற பிளக்குது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேனே."

"பிள்ளைத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும். சீசன் முடியட்டும். அந்த மேல்தட்டு நீலத்தை எடு."

அதே வாரம் மாமியாருக்கு மகளிடமிருந்து போன். அவளும் பிள்ளைத்தாச்சி, அவளுக்கும் கால் வீக்கம். கல்லாவை மகனிடம் தள்ளிவிட்டு சம்பந்தி வீட்டுக்குப் பறந்தாள்.

"பிரஷரா இருந்தா தாயும் போகும், பிள்ளையும் போகும்! உங்க வீட்டுப் பாத்திரம் தேய்க்கவா பெத்து விட்டேன்?" என்று வாசலில் அவள் போட்ட சத்தத்தில், சம்பந்தியம்மா தானே ஓடிப்போய் வண்டி பிடித்தாள். பிரஷர்தான். மகள் இப்போது மாத்திரையும் ஓய்வுமாகச் சௌக்கியம்.

சம்பந்தியை மடக்கிய கதையைக் கடைக்கு வந்து எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். ஏணியில் நின்றபடி மருமகளும் கேட்டாள்.

இப்போது, கண் கலங்கி நின்ற மாமியாரைப் பார்த்து டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பிரஷரை முன்னாடியே பார்த்திருந்தா மருந்து குடுத்து, குழந்தைய இன்னும் கொஞ்ச நாள் வயித்துலயே வளர விட்டிருக்கலாம். சரி, அழாதீங்கம்மா. வீக்கத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம நடந்ததுக்கு யாரைக் குத்தம் சொல்றது?"

கேட்காமலே கிடைத்த மன்னிப்பு. பேரமே பேச வேண்டாம். மாமியார் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"அத்தைக்குத் தெரியும் டாக்டர்."

கட்டிலிலிருந்து வந்த குரல் உயரவில்லை.

"நல்லாவே தெரியும். போன மாசமே தெரியும். இனிமே என் உடம்பைப் பத்தி, குழந்தையப் பத்தி, எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க."

டாக்டரம்மா மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி தலையாட்டினாள், இந்தத் தடவை நிஜமாகவே.