விமானம் சுபாங் ஜெயாவில் நிற்காது

கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் கதவுகள் பீப் பீப் என்று அலறிவிட்டு மூடிக்கொண்டன. மாதவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தைந்து.

“டேக் ஆஃப்” என்றாள். சொன்ன கையோடு மடியில் இருந்த தாராவின் வாயில் பால் புட்டியை வைத்தாள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் காது வலிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்யூட்டர் ரயிலில் யாருக்கும் காது அடைப்பதில்லை. ஆனாலும் ஒத்திகை என்று வந்துவிட்டால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பது மாதவியின் கட்சி.

இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை, மடக்கிய ஸ்ட்ரோலர். எல்லாவற்றையும் முழங்காலால் அணைத்துப் பிடித்தபடி பிரவின் எதிரே உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டுப் பெரியவர் பெட்டிகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பெயர் நாகையா என்று தானே சொல்லிக்கொண்டு, எங்கே பயணம் என்று விசாரித்தார். பிரவின் யோசிக்காமல் திருச்சி என்று சொல்லிவிட்டான்.

“திருச்சியா? தம்பி, இந்த ரயில் தஞ்சோங் மாலிம் வரைக்கும்தான் போகும்.”

“பரவால்ல அங்கிள்” என்றாள் மாதவி. “மீதிய நாங்க பாத்துக்குறோம் லா.”

திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். தஞ்சோங் மாலிமுக்குக் கிட்டத்தட்ட மூன்று. இடையில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கக் கூடாது. பத்து மாதக் குழந்தை தாக்குப்பிடித்தால் பயணம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் டிக்கெட் ஏஜென்சி நடத்தும் புஷ்பவல்லி அக்கா, இன்று பதினோரு மணி வரை சீட்டுகளைப் பிடித்து வைத்திருந்தாள்.

இந்த ஒத்திகை பிரவினின் யோசனை. மனைவியின் பயத்தைப் போக்கத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லாத பாதி ஒன்று இருந்தது. நேற்று மாலை அவன் புஷ்பவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, “பதினொண்ணுக்கு நானே போன் பண்றேன்க்கா. பண்ணலன்னா சீட்ட விட்டுடுங்க” என்று சொல்லி வைத்திருந்தான். ஒத்திகை தோற்றுப்போனால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் கணக்கு.

பயம் அவனுக்குத்தான். தாரா முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். நாற்பத்தோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு வட்டத் துளைகள். கையைக் கழுவிவிட்டு அதன் வழியாகக் குழந்தையைத் தொடலாம் என்று நர்ஸ் தினமும் சொன்னாள். துறைமுகத்தில் கிரேனுக்கு விரலசைத்தே நாற்பது டன் கொள்கலனைக் கப்பலில் இறக்கி வைக்கிற சிக்னல்மேன் பிரவின், அந்தத் துளைக்குள் ஒரு நாள்கூடக் கை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று மானிட்டரின் பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அதற்கும் தைரியம் இல்லாத நாட்களில் குமுதா போய் நின்றாள்.

குமுதா மாதவியின் தங்கை. கல்யாணமாகித் திருச்சிக்குப் போனவள், அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேட்டதும் அடுத்த விமானத்தைப் பிடித்து வந்து, குழந்தை வீடு திரும்பும் வரை கூடவே இருந்தாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு. “முதல் வளையல் அக்கா கையாலதான். நீ வரலன்னா விசேஷமே வேணாம்” என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். மாதவி அதை எத்தனை முறை கேட்டாள் என்பது பிரவினுக்குத் தெரியும்.

ஷா ஆலம் வரை தாரா தேவதை. நாகையாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அவர் காய்கறிப் பைக்குள் எட்டிப் பார்த்தாள். ஷா ஆலம் தாண்டியதும் உதட்டைப் பிதுக்கினாள். பத்து தீகா ஸ்டேஷனில் வீறிட்டாள். அடுத்த நிமிடம் அழுகை மூச்சு முட்டுகிற கட்டத்துக்குப் போயிற்று. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. முகம் செம்மை மாறிக் கறுத்தது.

ரயில் சுபாங் ஜெயாவில் நின்றது. கதவுகள் பீப் பீப் என்றன.

பிரவினுக்கு அது மானிட்டரின் சத்தமாகவே கேட்டது. எப்போது எழுந்தான், எப்போது ஸ்ட்ரோலரைத் தூக்கினான், அவனுக்கே தெரியாது. வாசலில் நின்று உள்ளங்கையை அவள் பக்கம் விரித்து நீட்டினான். ‘நில்.’

வீட்டில் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இருக்க, துறைமுகத்துச் சைகைகளை அவன்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. விரித்த உள்ளங்கை என்றால் நில். தூக்கு என்று காட்ட சிக்னல்மேன் ஒருவனுக்குத்தான் உரிமை. நில் என்று யார் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். அந்தச் சட்டமும் அவளுக்குத் தெரியும்.

மாதவி குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

“பிளேன் சுபாங் ஜெயாவுல நிக்காது. உக்காருங்க.”

கதவு மூடியது. அதே நொடியில் தாரா மூச்சை இழுத்துப் பெருங்குரலில் கத்தினாள். கத்தியதோடு குடித்த பாலையெல்லாம் மாதவியின் தோளில் கொட்டினாள்.

“நல்லா கத்துது பிள்ள. நுரையீரலுக்கு ஒண்ணும் கொற இல்ல” என்றார் நாகையா. பிரவினால் சிரிக்க முடியவில்லை.

மாதவி எழுந்தாள். ஓடுகிற ரயிலில் ஒரு கையில் குழந்தை, மறு கை கம்பியில். அடுத்த பெட்டி பெண்கள் பெட்டி. அங்கே கூட்டம் இல்லை, துணி மாற்ற இடம் இருக்கும். பிரவின் பெட்டிகளையும் ஸ்ட்ரோலரையும் நாகையாவின் பார்வையில் விட்டுவிட்டு முதுகுப்பையோடு பின்னாலேயே போனான். ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் தொடங்கும் இடத்தில் வயதான மலாய் அம்மா ஒருவர், ஒரு மாக்சிக், புன்னகையோடு விரலால் அந்த ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். அவன் எல்லைக் கோட்டிலேயே நின்றான். மறுபடியும் வெளியே.

மாதவி பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். தண்டவாளச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவள் பேசவும் இல்லை. சுட்டுவிரல் கீழே சுழன்றது. பையைக் கீழே வைத்தான். இரண்டு விரல் காட்டினாள். பையின் இரண்டாவது அறையிலிருந்து ஈரத்துணியை எடுத்தான். மாக்சிக் அதை வாங்கிக் கை மாற்றிக் கொடுத்தார். அடுத்து சட்டை, அதன் பிறகு பிளாஸ்க். எது எந்த அறையில் இருக்கிறது என்று அடுக்கிய அவனே தடுமாறினான், அவள் ஒரு விரல்கூடத் தப்பாகக் காட்டவில்லை. ரயில் வளைந்தபோது முழங்காலைத் தூக்கித் தொட்டிலாக்கினாள். குழந்தையின் கைகளைச் சட்டைக்குள் நுழைத்தாள், தன் தோளைத் துடைத்தாள், பாலைக் கலக்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ கிரேன் ஓட்டுநர்களைப் பார்த்தவன் அவன். இப்படி ஒரு நிதானத்தை எந்தக் கேபினிலும் பார்த்ததில்லை.

கே.எல். சென்ட்ரலில் பாதி ரயில் இறங்கியது. நாகையா பெட்டிகளை அவன் காலடிக்குத் தள்ளிவிட்டு, போகிற போக்கில் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். குவாங் தாண்டும்போது மாதவி காலிப் புட்டியைக் கொடுக்க எல்லைக் கோடு வரை வந்தாள். தாரா அவள் இடுப்பில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புஷ்பவல்லி அக்கா நேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க” என்றாள்.

பிரவின் புட்டிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். “அப்புறம் ஏன் வந்த?”

“கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தா எல்லாமே பயமாதான் இருக்கும். நானும் மொத நாள் அப்படித்தான் நின்னேன். குமுதாதான் என் கையப் பிடிச்சு அந்த ஓட்டைக்குள்ள விட்டா.” புட்டியை அவன் கையில் வைத்தாள். “போன் பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம். நான் கேக்க மாட்டேன்.”

திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ரவாங்கில் ரயில் நின்றபோது மணி பத்து ஐம்பத்தேழு. கதவுகள் திறந்தன. எதிர்ப் பிளாட்பாரத்தில் கிள்ளானுக்குத் திரும்பும் வண்டி காத்திருந்தது. பிரவின் அதைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்தான். புஷ்பவல்லியின் பெயருக்கு மேல் கட்டைவிரல் நின்றது. மாதவி இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பீப் பீப் என்று கதவு அலறியது. இந்த முறை அவன் எண்ணவில்லை. அழுத்தினான்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ரயில் அசைந்தது. அவன் கைப்பேசியைக் காதில் வைத்தபடி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னொரு கையின் உள்ளங்கையை அவளுக்கு நேராகத் திருப்பிக் காட்டினான். கேள்வியாக: ‘நிறுத்தவா?’

மாதவி பார்த்தாள். ‘தூக்கு’ என்று சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்ற ஆரம்பித்தாள். அரை வட்டம்கூடப் போயிருக்காது, தாரா எட்டி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். விரல் நிற்கவில்லை. குழந்தையின் மூடிய கையையும் சேர்த்துக்கொண்டு, ஜன்னலில் ஓடும் செம்பனை மரங்களுக்கு முன்னால், அது மெல்ல மெல்லச் சுழன்றது.